துத்திக்கீரை யாருக்கு

எங்கள் மாதா கோயிலில் ஆண்கள் பக்கம் சில பெஞ்சுகள் உண்டு. மற்றவர்களுக்குத் தரைதான். உரக்கடை வைத்திருப்பவன், கொஞ்சம் நஞ்சையும் இருக்கிறது என்பதால் பெஞ்சில் எனக்கென்று ஓர் இடத்தை யாரும் சொல்லாமலே விட்டு வைத்திருப்பார்கள். போன தவக்காலம் முழுக்க நான் அந்த இடத்தில் உட்காரவில்லை. தூணை ஒட்டி நின்றேன். வாசகம் வாசிக்கும்போதும் நின்றேன், பிரசங்கத்துக்கும் நின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தின் நடுவே என் பக்கம் கையை நீட்டிவிட்டார்.

"பாருங்க இவர. ஆண்டவர் பட்ட பாட்ட நெனச்சு, பூச முடியுற வரைக்கும் நின்னுகிட்டே இருக்காரு. நம்மால கொஞ்ச நேரம் ஆடாம அசையாம உக்கார முடியல."

மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். விஷயம் அதுவல்ல. எனக்கு மூலம். ரத்த மூலம். உட்கார்ந்தால் உயிர் போகிறது, அதனால் நின்றேன். அவ்வளவுதான் என் பக்தி.

ரத்தத்தை முதலில் பார்த்த அன்றைக்கே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பக்கத்து டாக்டரிடம் போக முடியாது. அங்கே ஊசி போடுகிறவர் என் கடையில் யூரியா வாங்குகிறவர். நாட்டு மருந்துக் கடைக்கும் போக முடியாது. கடைக்காரர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி, "வெந்நில கலந்து ராத்திரி படுக்கப் போறப்ப சாப்புடுங்கண்ணே, காலைல சிரமம் இல்லாம போகும்" என்று வழியனுப்புவார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல நாக்கு வராது.

"துத்திக்கீரையை வெளக்கெண்ணெயில வதக்கித் தர்றேன். பச்ச மொளகா, வரமொளகா எல்லாத்தையும் நிறுத்துங்க, மொளகு போடுறேன். கேட்டுடும்" என்றாள் மனைவி.

சொல்வது சுலபம். எங்கள் தெருவில் நோயை மறைத்தாலும் மறைக்கலாம், அதற்குச் சமைப்பதை மறைக்க முடியாது. பூண்டும் பால்சுறாவும் மணத்தால் அந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள். வெறுஞ்சட்டியில் ஓமம் வறுபட்டால் குழந்தைக்கு வயிறு சரியில்லை. தூதுவளையும் மிளகும் என்றால் இருமல். அடுப்படி ஜன்னல் வழியாக வருகிற வாசனையை வைத்தே, "என்னக்கா, மாமாவுக்கு இன்னும் சளி விடலயா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அக்கறையாகத்தான் கேட்பார்கள். விளக்கெண்ணெயில் சின்ன வெங்காயமும் துத்தி இலையும் வதங்குகிற வாசனைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு, அதைத் தெரியாத வீடு தெருவில் இல்லை.

"ஜன்னலைச் சாத்திட்டு வதக்கு" என்றேன்.

"ஜன்னலைச் சாத்தினா மட்டும்? கீரைய யாரு பறிச்சிட்டு வர்றது? நான் கொல்லைப்பக்கம் போயி ஒரு கொத்து ஒடிச்சாலே பாத்துடுவாங்க."

"நீ ஒண்ணும் புடுங்க வேண்டாம், நானே போறேன்" என்று கத்தினேன். நான் சத்தம் போடுகிற ஆள். வலி இருக்கும்போது கேட்கவே வேண்டாம். தண்ணீர்ச் சொம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டாள் என்பதற்காகக்கூட அந்த நாட்களில் அவளைத் திட்டியிருக்கிறேன்.

பைக் சீட்டில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எங்களை யாருக்கும் தெரியாத ஒரு வாய்க்கால் கரைக்குப் போனேன். அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. கரை நெடுக துத்தி மண்டியிருந்தது. மஞ்சள் பூ, இதயம் போல இலை, சின்னச் சக்கரம் போலக் காய். உரச்சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. எங்கள் தெரு மில்காரர். அடித்துக் குவித்த நெல்லைப் பார்க்க வந்தாராம். ஊரில் எத்தனை வயல் இருக்கிறது, இந்த மனுஷனுக்கு இந்த வாய்க்கால்தானா கிடைக்க வேண்டும்!

"என்னண்ணே, இங்க நின்னு கீரை பறிக்கிறீங்க?" என்றவர் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். "துத்தியா? யாருக்குண்ணே?"

"வீட்ல அவளுக்குத்தான்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் எவ்வளவு சுலபமாக வந்தது! அவர் முகம் உடனே மாறிவிட்டது. "அடடா, அண்ணிக்கா? பாவமே. பொம்பளைங்க இதையெல்லாம் வெளிய சொல்லவும் மாட்டாங்க. நான் எங்க வீட்ல வந்து பாக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். எப்படியும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், நாமே சொல்லிவிடுவது நல்லது என்றுதான். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"எனக்குன்னா சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்றது? வாயில வந்துடுச்சு, சொல்லிட்டேன்."

"நெசமாவே எனக்குன்னுதான் சொன்னீங்களா?"

"ஆமாங்கிறேன்ல! காது கேக்கலியா?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். "சரி, விடுங்க" என்று மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது, அதனால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஜன்னலைச் சாத்த வேண்டிய அவசியமும் போனது. இரும்புச் சட்டியில் விளக்கெண்ணெய் காய்ந்ததும் சீரகம் பொரியும், வெங்காயம் கண்ணாடி போல ஆகும், பிறகு அலசிப் பிழிந்த இலையை அள்ளிப் போடுவாள். சட்டி நிறைய இருந்த இலை வதங்கி ஒரு கைப்பிடிக்கு வந்துவிடும். உப்பும் தட்டின மிளகும் தூவி இறக்கி, என் சோற்றின் மேல் அப்படியே கவிழ்ப்பாள். விளக்கெண்ணெய்க்கு முகம் சுளித்தவன் நாலைந்து நாளில் அதன் ருசிக்குப் பழகிவிட்டேன். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் வெறும் சோற்றை அந்தச் சட்டியில் போட்டு, சுற்றி வழித்துப் பிசைந்து, சட்டியிலேயே சாப்பிடுவாள்.

"ஊருக்குத்தான்டி நீ சீக்காளி. சட்டியில என்ன தேடுற?" என்று கேலி செய்தேன்.

"எண்ணெய வீணாக்கக் கூடாதுங்க" என்று சிரித்தாள்.

மில்காரர் மனைவி வந்தாள். அவள் இவளை அக்கா என்பாள். மடியில் பிரண்டை கொண்டுவந்திருந்தாள். அடுத்த நாள் பிடிகருணை வந்தது, புளி விட்டு வேக வைக்காவிட்டால் தொண்டை அரிக்கும் என்ற எச்சரிக்கையோடு. யாரோ கடுக்காய்ப் பொடி கொடுத்தனுப்பினார்கள். இத்தனையும் கடைசியில் என் இலைக்குத்தான் வந்தது. அடுப்படியில் பெண்கள் தணிந்த குரலில் பேசுவது கூடத்தில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும்.

"ரொம்ப ரத்தம் போனா தலை சுத்துமா?" என்று என் மனைவி கேட்டாள். "படி ஏறினா மூச்சு வாங்குமா?"

எனக்குத் தலையும் சுற்றவில்லை, மூச்சும் வாங்கவில்லை. அடேயப்பா, என்னமாய் நடிக்கிறாள், கூடக் கொஞ்சம் சேர்த்தல்லவா கேட்கிறாள் என்று படுத்தபடியே மெச்சிக்கொண்டேன்.

அதற்குள் என் புகழ் பரவிவிட்டது. பெண்டாட்டிக்கு முடியவில்லை என்று வாய்க்கால் வாய்க்காலாக அலைந்து கீரை பறிக்கிற புருஷன்! கடைக்கு வந்த மில்காரர் நாலு பேர் எதிரில், "அண்ணி குடுத்து வச்சவங்க" என்றார். நான் "இதுல என்ன இருக்கு" என்று அடக்கமாகச் சொன்னேன். கோயிலில் நின்றதற்குக் கிடைத்த பாராட்டுக்காவது கூசிப் போனேன். இதற்குக் கூசவில்லை. இப்போது நினைத்தால் அந்தக் குரலே காதில் நாராசமாக இருக்கிறது. இதுல என்ன இருக்காம்!

ஈஸ்டருக்குப் புடவை எடுக்கப் போனோம். நல்ல சந்தன நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டார்கள். அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்தாள். "எப்பப் பாத்தாலும் அரக்கு, கருநீலம், பழுப்பு. துக்க வீட்டுக்கா போற?" என்று கடையிலேயே கத்தினேன். விற்கிற பெண் தலையைத் திருப்பிக்கொண்டது. "அழுக்கு தெரியாதுங்க" என்றாள் என் மனைவி. எங்கள் சின்ன மகன் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோதும் இதே பதில்தான்.

ஈஸ்டர் கழிந்தும் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. வலி குறைந்திருந்தது, பயம் கூடிவிட்டது. மூலம் மூலம் என்று இருந்துவிட்டு வேறு ஏதோ பெரிய வியாதியாக முடிந்தவர்களின் கதையெல்லாம் அப்போது பார்த்துத்தான் ஞாபகத்துக்கு வரும். தஞ்சாவூருக்குப் போய்க் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். தெருவில், "இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டேன். ரயிலில் நான் கதவோரம் நின்றுகொண்டே வந்தேன். அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். காலை நேரத்தில் இவளுக்கு என்ன தூக்கம் என்று எரிச்சலாக வந்தது.

ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிற பெண், "பேஷன்ட் யாரு?" என்று கூடம் அதிரக் கேட்டாள். திரும்பிப் பார்த்தால் எங்கள் பக்கத்துக் கூட்டுறவு சொசைட்டி செக்ரட்டரி வரிசையில் நிற்கிறார். அவருக்கு என்ன கோளாறோ, அவரும் என்னைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தார். "இவங்கதான்" என்று மனைவியைக் காட்டினேன். உள்ளே போய், கதவைச் சாத்திய பிறகு, உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம்.

உள்ளே உட்கார்ந்திருந்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எனக்கு வாயடைத்துப் போனது. டோக்கனைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் என் மனைவியிடம் திரும்பியது.

"சொல்லுங்கம்மா. என்ன பண்ணுது?"

நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ரத்தம் போகுதுங்க. சில நாள் சொட்டு சொட்டா, சில நாள் ரொம்ப. வெளிய வந்து நிக்குது, கையாலதான் உள்ள தள்ளணும். உக்காந்தா எழுந்திரிக்க முடியல."

இங்கேயும் நடிக்கிறாளே என்று முதலில் நினைத்தேன். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்று எனக்காகச் சொல்கிறாள், பிறகு என்னைக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். ஆனால் எனக்கு வெளியே வந்து நின்றதில்லை. கையால் தள்ளியதும் இல்லை.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்துங்க."

சின்னவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். போன வருஷம்தான் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தோம்.

அந்தப் பெண் எழுந்து வந்து அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தது. நானும் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கழுவின அரிசி போல வெளுத்துக் கிடந்தது. அத்தனை வருஷம் அந்த முகத்துக்கு நேரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

"ஏம்மா இத்தன நாளா காட்டல?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"மருந்து ஏதாவது எடுத்தீங்களா?"

"துத்திக்கீரை சாப்புடுவேங்க."

"நல்ல கீரைதான். எவ்வளவு சாப்புடுவீங்க?"

"இவருக்குப் போட்டது போக சட்டியில ஒட்டியிருக்கிறத."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தது. "இவருக்கா? இவருக்கு எதுக்குப் போடுறீங்க?"

என் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. அந்த நேரத்திலும் என் மானத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எனக்கும் இருக்குங்க" என்றேன். "இவளுக்கு இருக்கிறது எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் என்னை அடுத்த அறைக்கு அனுப்பியது. வேறு ஒரு டாக்டர் என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லையாம். ஆரம்பம்தானாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், காரத்தைக் குறையுங்கள், கீரையை விடாதீர்கள், போதும் என்றார். அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு அன்றைக்கே படுக்கையில் போட்டுவிட்டார்கள். முதலில் ரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்ற வேண்டும், பிறகுதான் ஆபரேஷன். "இப்படியே விட்டிருந்தா ஒரு நாள் நின்ன எடத்துல விழுந்திருப்பாங்க. இதயம் தாங்காது" என்றது அந்தப் பெண் டாக்டர், என்னை நேராகப் பார்த்து.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தேன். வலித்தது. எழுந்திருக்கவில்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

குழாயில் இறங்குகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல புள்ள பெத்த ஒடம்பு, சரியாப் போயிடும்னு நெனச்சேன். அப்பறம் எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. ஒங்களுக்கு வந்தப்ப, வந்த அன்னிக்கே சொல்லிட்டீங்க. அன்னிக்கு நானும் சொல்லிடலாம்னு பாத்தேன். நீங்க கத்தின கத்துல வாய் வரல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"ஆனா நீங்க மில்காரர்கிட்ட பொய் சொன்னீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு. தெருவுல எல்லாரும் எனக்குத்தான்னு நெனச்சாங்களா, வாயத் தொறந்து கேட்டேன். எதுக்கு மயக்கம் வருது, எதுக்கு மூச்சு வாங்குதுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. ஒங்க புண்ணியம்."

புண்ணியமாம்! நான் எழுந்து வராண்டாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று அழுதேன். சொசைட்டி செக்ரட்டரி அந்த வழியாகப் போனார். போகட்டும், பார்க்கட்டும் என்று இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தோம். மில்காரரும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். "நல்ல வேளை, நீங்க மொதல்லயே கவனிச்சு வைத்தியம் பண்ணினீங்கண்ணே. வேற யாராவதா இருந்தா விட்டிருப்பாங்க" என்றார் அவர்.

"அந்தக் கீரைய எனக்குத்தான் பறிச்சேன்" என்றேன். "எனக்கு மூலம், அதுக்குத்தான் பறிச்சேன். ஒங்ககிட்ட பொய் சொன்னேன். இவளுக்கு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது."

ஒரு கணம் விழித்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா இருங்கண்ணே. அண்ணி வெக்கப்படக் கூடாதுன்னு பழியத் தம் மேல போட்டுக்கிறாரு பாரு" என்று மனைவியிடம் காட்டினார். அவளும் என்னை மரியாதையோடு பார்த்தாள். திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல நான் இன்னும் நல்லவனாகிக்கொண்டே போனேன். இதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை போலிருக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் துத்தியை நானே வதக்கினேன். அவள் கட்டிலில் இருந்தபடி, எண்ணெய் காயட்டும், இப்போது சீரகம், இலையை நன்றாகப் பிழியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல மலையளவு இலை ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. மொத்தத்தையும் அவள் சோற்றின் மேல் கவிழ்த்தேன். "ஒங்களுக்கு?" என்றாள். "இருக்கு, நீ சாப்புடு" என்றேன்.

அவள் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படித் தரையில் உட்கார்ந்து, வெறும் சோற்றைச் சட்டியில் போட்டு, அவள் செய்கிற மாதிரியே சுற்றி வழித்தேன். சோறு லேசாகப் பச்சை பூசிக்கொண்டது, கொஞ்சம் எண்ணெய் மினுங்கியது. கரண்டி படாத ஓரத்தில் இரண்டு துணுக்கு இலை கருகி ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன். அதற்கு மேல் அந்தச் சட்டியில் ஒன்றுமே இல்லை.